உள்ளிருப்பு அண்ணாச்சி வெளியே வந்த கதை

தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களில் கெட்டிக்காரர்களுக்குக் குறைவில்லை. ஆனால் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் ஊர் உலகத்தையே நடத்திக் காட்டியவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் உள்ளிருப்பு அண்ணாச்சி. உள்ளிருப்புப் போராட்டம் நடத்துகிறவர்கள்கூடக் கோரிக்கை நிறைவேறினால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அண்ணாச்சியின் ஒரே கோரிக்கை, தன்னை யாரும் எழுப்பக் கூடாது என்பதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாளையங்கோட்டையில் ஓர் உரக்கடைக்கு மேலே மாடியில் எங்கள் ஆபீஸ். வெளியூர்க் கம்பெனிகளின் பில்களையும் கணக்குகளையும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது தொழில். கண்ணாடி அறைக்குள் ஏ.சி. போட்டு ஒரு பெரிய மெஷின். அதிலிருந்து வயர் இழுத்து, பச்சை எழுத்து மின்னும் திரைகள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மெஷினுக்குத் தூசி ஆகாதாம். கீழே மூட்டை ஏற்றி இறக்குகிற உரத்தூசி மாடிப்படி வரைக்கும் வந்து, வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்ததும் மரியாதையாக நின்றுவிடும் என்று மேனேஜர் நம்பினார். நாங்களும் நம்பினோம்.

மெஷினைப் பார்த்துக்கொள்வது அண்ணாச்சியின் வேலை. அவருடைய பெருமையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம் தேவை. எழுதவும் திருத்தவும் 'வி.ஐ.' என்று ஓர் எடிட்டர் இருந்தது. கடிதமோ பில்லோ அதற்குள் போய்த்தான் அடிக்க வேண்டும். நடுவில் வேறு வேலை வந்தால், எங்களைப் போன்ற சாதாரண ஜனங்கள் அடித்ததைச் சேமித்து, எடிட்டரை மூடி, வெளியே வந்து, அந்த வேலையை முடித்து, மறுபடி எடிட்டரைத் திறந்து, விட்ட இடத்தைத் தேடி அலைவோம். அண்ணாச்சி வெளியே வரமாட்டார். உள்ளே இருந்தபடியே ஒரு முக்காற்புள்ளி, ஓர் ஆச்சரியக்குறி, அதன் பின்னால் ஒரு கட்டளை. வேலை வெளியே போய் நடக்கும். முடிந்ததும் என்டர் தட்டினால், அண்ணாச்சி விட்ட வரியிலேயே சுகமாக உட்கார்ந்திருப்பார்.

அச்சடிப்பது, ஃபைல் தேடுவது, பெயர்களை அகரவரிசையில் அடுக்குவது எல்லாம் இப்படித்தான். அவர் தலைக்கு மேலேயே தினசரிக் காலண்டர் தொங்கும். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால் அண்ணாந்து பார்க்கமாட்டார். முக்காற்புள்ளி, ஆச்சரியக்குறி, 'டேட்' என்று தட்டி, மெஷினைக் கேட்டுச் சொல்லுவார்.

"ஏன் அண்ணாச்சி, ஒரு தடவை வெளிய வந்தாத்தான் என்ன?" என்று கேட்டேன்.

"வெளிய வந்தா திரும்ப உள்ள போவணும்லா? வீட்டுல இருந்துகிட்டே கடைக்கு ஆள் அனுப்பலாம்னா, எதுக்குப் பிள்ள வெயில்ல நடந்து சாவணும்?"

இது எடிட்டருக்கு மட்டும் உள்ள கொள்கை இல்லை. ஜன்னல் கம்பியில் ஒரு ஒயர்க்கூடையைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். கீழே டீக்கடை. கூடையை இறக்கி, கயிற்றை இரண்டு ஆட்டு ஆட்டினால் டீ. கூடுதலாக ஓர் ஆட்டு ஆட்டினால் டீயோடு வடை. அதே கூடையில் பேப்பர் ஏறியது, தைக்கக் கொடுத்த சட்டை ஏறியது, அறுந்த செருப்பு இறங்கித் தைத்து ஏறியது. முடிதிருத்துகிறவர் மட்டும் கூடையில் கொள்ளாததால் படியேறி வந்தார். நாற்காலியில் இருந்தபடியே தலையைக் கொடுத்துவிட்டு அண்ணாச்சி வேலை பார்த்துக்கொண்டிருப்பார். ஆற்றுப் பாலம் தாண்டி அவர் ஜங்ஷன் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொல்ல ஓர் ஆள் கிடையாது.

நான் சேர்ந்த அன்று திரையில் பில் அடித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துகளுக்கு நடுவே தானாக ஒரு வரி முளைக்கிறது: டீ வேண்டுமா? கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்தவள், கம்ப்யூட்டருக்கு இவ்வளவு உபசாரம் தெரியுமா என்று நடுங்கிப்போய், "வேண்டாம்ங்க" என்று திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். ஆபீசே சிரித்தது. மூன்று நாற்காலி தள்ளி இருந்த என்னிடம் வாயால் கேட்க முடியாமல், அண்ணாச்சி எடிட்டருக்குள் இருந்தே அனுப்பிய செய்தி அது.

எழுந்திருப்பதில் இவ்வளவு சிக்கனம் என்றால் மரியாதைக்கு எழுவாரா? முதலாளி வந்தால் நாங்கள் எல்லோரும் விருட்டென்று எழுவோம். அண்ணாச்சி நாற்காலியை அரை வட்டம் சுழற்றுவார். அதுதான் அவர் தருகிற உச்ச மரியாதை. பெரிய அதிகாரி ஒருவர் ஆபீசைப் பார்வையிட வந்தபோது முழு வட்டம் சுழன்று, பழையபடி திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"ஓய், பேங்குக்கு ஒரு நடை போயிட்டு வாரும்வே" என்று மேனேஜர் ஒருநாள் கெஞ்சினார்.

"எதுக்குவே? பேங்க்காரர் சாயங்காலம் இங்கன வடை திங்க வருவாருலா, அந்நேரம் கையெழுத்தப் போட்டுக் குடுத்திருவோம்."

அதேபோல பேங்க்காரர் வந்தார், வடை தின்றார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அன்றோடு மேனேஜர் அவரை வெளியே அனுப்பும் முயற்சியைக் கைவிட்டார்.

இந்தக் கலையில் அண்ணாச்சிக்குச் சறுக்கலும் உண்டு. ஒரு கம்பெனிக்கு எழுதிய இங்கிலீஷ் கடிதத்தின் அடியில் இருந்த பெயர்களை மட்டும் வரிசைப்படுத்த நினைத்தவர், கை தவறிச் சதவீதக்குறியைத் தட்டிவிட்டார். அப்படித் தட்டினால் முழுக் கடிதமும் என்று அர்த்தம். மெஷின் சொன்னதைச் செய்தது. இங்கிலீஷில் பெரிய எழுத்தில் தொடங்கும் வரிகளுக்குத்தான் அதனிடம் முதலிடம். 'அன்புள்ள ஐயா', 'நன்றி', 'இப்படிக்கு' ஆகிய மூன்றும் பெயர்களோடு கலந்து தலையில் ஏறி உட்கார, விஷயம் முழுவதும் துண்டு துண்டாகக் கையெழுத்துக்குக் கீழே தொங்கியது. மேனேஜர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். நாங்கள் திட்டு வரும் என்று காத்திருந்தோம். 'உங்கள் கடிதங்கள் முன்பைவிடத் தெளிவாக இருக்கின்றன' என்று பதில் வந்தது.

இப்படிப்பட்டவரிடம்தான் என் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

எனக்குச் சிறு வயதிலேயே அப்பா இல்லை. எங்களைத் தாங்கியது அம்மாவோடு பிறந்த இரண்டு மாமாக்கள். மூத்தவர் சூசை மாமா. திருச்செந்தூருக்குத் தெற்கே எங்கள் கிராமத்தில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்தார். இளையவர் அந்தோணி மாமா. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. நடுவில் பிறந்தவள் அம்மா, மரியா. வள்ளங்களைப் பிரித்ததில் வந்த சண்டையில் அண்ணனும் தம்பியும் பேச்சு வார்த்தையை நிறுத்தி எத்தனையோ காலமாகிவிட்டது. மாப்பிள்ளை ஜெரால்டு கப்பலில் வேலை பார்ப்பவர். தவக்காலத்தில் எங்கள் வேதக்கோயிலில் கல்யாணம் நடக்காது, அது தொடங்குவதற்குள் முடிய வேண்டும். அதை விட்டால் அவர் கப்பல் ஏறிவிடுவார். திரும்பி வர வருஷம் ஆகும். அதுவரை அவர்கள் வீட்டில் காத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

எல்லாம் கூடி வந்தபோது பத்திரிகையில் முட்டிக்கொண்டது. அழைப்பவர் என்று முதலில் யார் பெயரைப் போடுவது?

"மூத்தவன் நானிருக்க அவன் பேரு மேல வந்தா, நான் கோயில் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார் சூசை மாமா.

"படிக்க வச்சு மாப்பிள்ளையும் பாத்தது நான். ரெண்டாவதுதான் எம்பேருன்னா, எம்பேரே வேண்டாம், நானும் வேண்டாம்" என்றார் அந்தோணி மாமா.

பத்திரிகை அச்சுக்குப் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து கேட்டு ஆள் மேல் ஆள் வந்தது. எனக்கோ உள்ளுக்குள் வேறொரு ஆசை. பத்திரிகையில் அம்மா பெயர் வர வேண்டும். "தாலியறுத்தவ பேர நல்ல காரியத்துல போடக் கூடாது மக்கா, பாக்கிறவுக ஒரு மாதிரி பேசுவாக" என்று அம்மாவே வாயை அடைத்துவிட்டாள். மாமாக்களுக்கு அது தோன்றவே இல்லை.

ஆபீசில் அழுதுகொண்டே இதையெல்லாம் அண்ணாச்சியிடம் கொட்டினேன். அவர் நாற்காலியை அரை வட்டம் என் பக்கம் சுழற்றினார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

"ரெண்டு மாமாவையும் இங்கன வரச் சொல்லு பிள்ள."

வேறென்ன சொல்லுவார்? அவர் போகவா போகிறார்!

வந்தார்கள். அந்தோணி மாமா பேன்ட்டும் சட்டையுமாக ஒரு மூலையில் நின்றார். சூசை மாமா செருப்பைக் கழற்றி, மடித்துக் கட்டிய சாரத்தைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டு, கண்ணாடி அறைக்குள் மின்னிய மெஷினைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பெயர் வரிசையைக் கம்ப்யூட்டரே போடட்டும் என்று அண்ணாச்சி சொன்னதும், இருவரும் என்னை வைத்தே பேசிக்கொண்டார்கள்.

"மக்கா, அவன்ட்ட சொல்லு, கம்ப்யூட்டர் சொன்னா நான் கட்டுப்படுதேன்னு."

"மக்கா, அவருட்ட சொல்லு, நானும்தான்."

"கம்ப்யூட்டருக்கு அண்ணனும் தெரியாது, தம்பியும் தெரியாது" என்றார் அண்ணாச்சி. "பேரச் சொல்லுங்க. உங்க தங்கச்சி பேரு என்ன?"

"அவ பேரு எதுக்கு?" என்றார் சூசை மாமா.

"ரெண்டு பேர மட்டும் குடுத்தா மெஷினு வரிசை போடாது. கொறஞ்சது மூணு வேணும்."

பச்சைப் பொய். இரண்டு பெயரை அது கண்ணை மூடிக்கொண்டு அடுக்கும். நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"எம்பேர மேல அடிங்க" என்றார் சூசை மாமா. "எங்கன அடிச்சாலும் ஒண்ணுதான், பாருங்க" என்று அண்ணாச்சி அவர் பெயரையே முதலில் அடித்தார். இங்கிலீஷ் எழுத்தில் மூன்று பெயர்கள். பிறகு முக்காற்புள்ளி, சதவீதக்குறி, ஆச்சரியக்குறி, வரிசைப்படுத்து என்பதற்கு 'சார்ட்'. கண் இமைக்கும் நேரத்தில் வரிசை மாறியது. அந்தோணி, மரியா, சூசை.

அந்தோணி மாமாவின் முகம் மலர்ந்தது. சூசை மாமா சாரத்தை மடித்துக் கட்டிவிட்டார்.

"வா மக்கா போவோம். இது தூத்துக்குடிக்காரன் மெஷினு."

"பைய இருங்க. இது போற வரிசை. வள்ளம் கடலுக்குப் போனா கரைக்குத் திரும்பாண்டாமா? வார வரிசையப் பாக்காமப் போறிய?"

அண்ணாச்சி அதே கட்டளையின் வாலில் ஒரு சின்னக் கோடும் ஓர் எழுத்தும் சேர்த்துத் தட்டினார். வரிசை தலைகீழானது. சூசை, மரியா, அந்தோணி.

"இதுல எதுவே சரி?" என்றார் சூசை மாமா.

"ரெண்டும் சரி. ஊருக்குக் குடுக்கதுக்கு இந்த வரிசை, தூத்துக்குடியில குடுக்கதுக்கு அந்த வரிசை. ரெண்டு விதமா அடிச்சிருங்க. மெஷினு பொய் சொல்லாது."

எடிட்டரை விட்டு வெளியே வராமலே அச்சுக்கு அனுப்பினார். பிரின்டர் கர்புர்ரென்று இரைந்து இரண்டு தாள்களைத் துப்பியது. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பகுதியைக் கிழிக்கப் போனேன். சூசை மாமா விடவில்லை. ஓட்டை இருந்தால்தான் கம்ப்யூட்டர் தாள் என்று ஜனங்கள் நம்புவார்களாம். அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதை ஊர் முழுவதும் காட்டிவிட்டார்.

நடுவில் வந்த அம்மா பெயரை எடுக்கச் சொல்லி இரண்டு பேருமே கேட்கவில்லை. கம்ப்யூட்டர் போட்ட வரிசையில் கைவைக்க அந்தக் காலத்தில் யாருக்குத் துணிச்சல் இருந்தது?

கல்யாணத்தன்று பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் நின்றபோது இரண்டு விதப் பத்திரிகைகளும் சந்தித்துக்கொண்டன. தூத்துக்குடிக்காரர் ஒருவர் கையிலிருந்ததை சூசை மாமா வாங்கிப் பார்த்தார். தன் பையிலிருந்ததையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவர் நிமிர்ந்து, என்னிடம் அல்ல, நேராகத் தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"ஏலே அந்தோணி, எப்படித் திருப்புனாலும் தங்கச்சி நடுவுலதாம்லே இருக்கா."

அந்தோணி மாமா இரண்டு பத்திரிகைகளையும் வாங்கிப் பார்த்தார். பிறகு, "சின்னப் பிள்ளையிலயும் நம்ம நடுவுலதான அண்ணே இருந்தா" என்றார்.

இருவருமாகப் போய், பின்னால் தூணோரம் ஒதுங்கி நின்ற அம்மாவை அழைத்து வந்து எனக்கும் ஜெரால்டுக்கும் பக்கத்தில் நிறுத்தினார்கள். நான் பொங்கி அழுதேன். முகப்பூச்செல்லாம் போயிற்று.

அப்போதுதான் பார்த்தேன். வேர்த்து விறுவிறுத்து, பஸ் புழுதியோடு, கயிறு கட்டிய அதே ஒயர்க்கூடையில் ஒரு சுவர்க்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அண்ணாச்சி நிற்கிறார். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் வந்து, அங்கே பஸ் மாறி வந்திருக்கிறார்.

"அண்ணாச்சி! வெளிய வந்துட்டியளே!"

"யாரு சொன்னா? எடிட்டர மூடாமத்தான் வந்திருக்கேன். உள்ள இருந்தே ஒரு வேலைய வெளிய அனுப்பியிருக்கு. இந்தத் தடவை அந்த வேலை நாந்தான். முடிஞ்சதும் போயி என்டர் தட்டிருவேன்."

பந்தியில் அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மாமாக்கள் வந்து விசாரித்தார்கள். பூசை வைத்த பங்குச் சாமியாரே வந்து கும்பிட்டார். அண்ணாச்சி எல்லோருக்கும் நாற்காலியோடு கொஞ்சம் திரும்பிக் கொடுத்தார். மடக்கு நாற்காலி சுழலவில்லை என்பதில் அவருக்கு வருத்தம்.

பிறகு பாயசச் சட்டியோடு அம்மா வந்தாள். "நாந்தான் மரியா" என்றாள்.

அண்ணாச்சி எச்சில் கையோடு எழுந்து நின்றார்.