ஒரே ஒரு பேரை எடுக்கணும்

"என்ன எழுத்துப்பா இது? மலையாளமா?" என்று கேட்டார் சங்கிலி.

"மலையாளம் இல்லண்ணே."

"அதான பாத்தேன். மலையாளம்னா நான் வாசிச்சிருப்பேன்ல. குமுளிக்குத் திராட்சை ஏத்தி ஏத்திப் பழகுன கண்ணு."

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிடிபி கடை வைத்திருக்கும் ரசூல் கம்ப்யூட்டர் திரையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். நேற்று வரை அழகான தமிழில் இருந்த சங்கிலி மகளின் கல்யாணப் பத்திரிகை, இன்று காலையில் கொக்கியும் கோணலுமான இங்கிலீஷ் எழுத்தாக நின்றது. பொண்ணு பேரும் தெரியவில்லை, மாப்பிள்ளை பேரும் தெரியவில்லை. பிள்ளையார் மட்டும் மேலே அப்படியே உட்கார்ந்திருந்தார். சாயங்காலத்துக்குள் பத்திரிகை அச்சாபீசுக்குப் போகாவிட்டால், நாளைக்குக் குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்க முடியாது.

சங்கிலி கூடலூரில் திராட்சைத் தோட்டக்காரர். இன்றைக்கு அவர் வந்தது ஒரு சின்னத் திருத்தத்துக்காக.

"ஒரே ஒரு பேரை எடுக்கணும் தம்பி. தாய்மாமன் தவசின்னு இருக்குல்ல, அதைத் தூக்கிரு."

ரசூல் திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தான். "தாய்மாமன் பேரையாண்ணே?"

"ஆமா. போர்வெல் மோட்டாரு விசயத்துல எம்புட்டுப் பேச்சுப் பேசிட்டான் தெரியுமா? அவன் பேரைப் போட்டா மேடையில ஏறி நிப்பான். நாலு பேருக்கு முன்னால சண்டை வரும். இப்பவே எடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"ஜக்கம்மா மதினிகிட்டச் சொன்னீகளா? அவுகளுக்குக் கூடப்பிறந்தவரு அவரு ஒருத்தருதான?"

"அவகிட்ட என்னத்தக் கேக்குறது? ரெண்டு நாளு மூக்கைச் சிந்துவா, அப்புறம் பழகிப்போயிரும். நீ எடு."

எடுப்பதற்குத் தவசி எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால்தானே! ரசூல் தேனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தன் மச்சினன் ஆரிப்புக்குப் போன் போட்டான்.

"மச்சான், நேத்து வைரஸைப் பிடிக்கிற புரோகிராம் ஒண்ணு ஏத்துனீகளே, அது செஞ்ச வேலைதான்" என்றான் ஆரிப். "உங்க தமிழ் கீபோர்டு புரோகிராமைத் திருடன்னு தூக்கிருச்சு. ஃபாண்டும் அதோடயே போயிருச்சு."

"தமிழ் அடிச்சாத் திருட்டாடா?"

"நீங்க எந்தக் கட்டையைத் தட்டுனாலும் அந்தத் தமிழ் புரோகிராமு நடுவுல நின்னு கேட்டு, அதைத் தமிழா மாத்துது. வேவு பாக்குற புரோகிராமும் அப்படித்தான் நடுவுல நின்னு கேக்கும். இதுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல."

"தெரியலன்னா எங்கிட்டக் கேக்கணும்ல? நிக்காஹ்ல கூடப் பொண்ணுகிட்டச் சம்மதமான்னு கேட்டுட்டுத்தானடா எழுதுறோம்!"

"கேட்டுச்சு மச்சான். ஏத்துறப்பவே பக்கம் பக்கமா இங்கிலீசுல கேட்டுச்சு. நீங்கதான் வாசிக்காமச் சம்மதம்னு அமுக்கிட்டீக."

ரசூல் போனை வைத்தான். பக்கம் பக்கமான இங்கிலீஷை உலகத்தில் எவன் வாசித்திருக்கிறான்? அதற்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடுமா? கோபம் கோபமாக வந்தது.

அலமாரியைக் குடைந்து பழைய சிடியை எடுத்துத் தமிழை மறுபடி ஏற்றினான். முதல் 'அ' விழுவதற்குள் திரையின் மூலையில் ஒரு கட்டம் எழும்பியது. உங்கள் பாதுகாப்புக்காக ஓர் ஆபத்து நீக்கப்பட்டது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு மறைந்தது. இன்னொரு தரம் ஏற்றினான். இன்னொரு தரம் பாதுகாத்தது.

விவரம் கேட்டுத் தெரிந்துகொண்ட சங்கிலிக்குத் தாங்கவில்லை. மேசையைத் தட்டினார்.

"ஏலே, இது என்ன அநியாயம்! இது நேத்து வந்தது. அது வருசக்கணக்கா உன் வீட்டுல கெடக்குறது. வீட்டுக்காரனை ஒரு வார்த்தை கேக்காம அதைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுறதுக்கு இது யாரு?"

"அதான்ணே நானும் கேக்குறேன்."

"நல்லதுக்குன்னு சொன்னா என்ன வேணும்னாலும் செய்வானா? யாரு நல்லதை யாரு முடிவு பண்றது?"

ரசூல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மனுஷன் கேலி பேசவில்லை, மனசாரத்தான் பேசினார்.

அந்தப் புரோகிராமை நீக்கப் பார்த்தால் போக மாட்டேன் என்றது. முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று, ஒரு கம்ப்யூட்டர் மாத இதழோடு இலவசமாக வந்த வேறொரு வைரஸ் பிடிப்பானை ஏற்றினான். அது வந்த வேகத்தில் முதல் ஆளைத் தூக்கி எறிந்தது. ரசூல் தமிழை ஏற்றினான். 'அ' விழுந்தது. 'ஆ' விழுந்தது. சங்கிலி கைதட்டினார்.

"இப்ப எடு தம்பி, தவசியை."

பத்திரிகையைத் திறக்கப் போனால் திறக்கிற புரோகிராமையே காணோம். புதிதாக வந்தவன், இது திருட்டுக் காப்பி, ஆபத்து என்று அதையும் நீக்கியிருந்தான். திருட்டுக் காப்பிதான். அதை ரசூலால் மறுக்க முடியவில்லை. ஆனாலும் அது அவன் சோறு.

"பொழுது போயிரும்ணே. இதுல இருக்குற சாதாரணப் புரோகிராமுலயே புதுசா அடிச்சுருவோம். பேரெல்லாம் வரிசையாச் சொல்லுங்க."

சங்கிலிக்குத் தன் பக்கத்துப் பேர்கள் மளமளவென்று வந்தன. அதற்கு மேல் தலையைச் சொறிந்தார். ஒரு பேர் விட்டுப்போனாலும் ஊரே சண்டைக்கு வரும். வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டு, ரசூலுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏத்தா ஜக்கு, பத்திரிகையில உம் பக்கத்து ஆளுக பேரை வரிசையாச் சொல்லு. தம்பி அடிக்கணுமாம்."

"தாய்மாமன் தவசி" என்று உடனே வந்தது குரல். அந்தப் பேரைச் சொல்லும்போதே ஒரு சந்தோஷம் அதில் இருந்தது.

"அதை விட்டுட்டு அடுத்ததைச் சொல்லு."

ரசூல் கட்டையின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தான்.

"ஏத்தா, கேக்குதா?"

"கேக்குது" என்றது குரல். அதன் பிறகு பெரியப்பா, சித்தப்பா, மதினிமார், மருமக்கள் என்று ஒன்று விடாமல் நிதானமாகச் சொல்லி முடித்தது. அழவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை.

"பாத்தியா? நான் சொல்லல? ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார் சங்கிலி.

பொண்ணுக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்த மனிதர் தவசி. அந்தப் பேரை அடித்துவிடலாமா என்று ரசூல் நினைத்தான். அடித்தால் இவரைக் கேட்காமல் செய்ததாகிவிடும். அடிக்காவிட்டால் அந்த அம்மாளைக் கேட்காமல் செய்ததாகிவிடும். கடைசியில், நமக்கு எதுக்கு வம்பு என்று தவசி இல்லாமலே முடித்தான்.

சிடியில் போட்டு, அடுத்த தெருவில் அச்சாபீஸ் வைத்திருக்கும் பிச்சைமணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். "கூடலூர் ஆளுக காலையில வந்து வாங்கிக்கிருவாக. அவுக சின்னத் திருத்தம் ஏதும் சொன்னாப் பாத்துச் செஞ்சு குடுத்துரு" என்று சொல்லிவிட்டு வந்தான்.

இரவெல்லாம் அந்த நிதானமான குரல் காதுக்குள்ளேயே இருந்தது. காலையில் கடையைத் திறக்காமல் நேரே அச்சாபீசுக்குப் போனான்.

"பத்திரிகையை வாங்கிட்டுப் போயிட்டாகளா?"

"விடியக்காலையில மிஷினை ஓட்டுறதுக்கு முன்னாலயே பொண்ணோட அம்மான்னு ஒரு அக்கா ஜீப்புல வந்துட்டாக பாய். இந்தாங்க, உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கேன்."

மஞ்சள் தடவிய பத்திரிகையை வாங்கிப் பிரித்தான் ரசூல். பொண்ணு பேருக்குக் கீழேயே, கொட்டை எழுத்தில் தாய்மாமன் தவசி இருந்தார். ரசூலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா என்று மேலிருந்து கீழே ஒரு தரம் வாசித்தான். அப்புறம் கீழிருந்து மேலே வாசித்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"டேய் பிச்சைமணி, பொண்ணோட அப்பா சங்கிலி பேரு எங்கடா?"

"அக்காதான் எடுக்கச் சொன்னாக பாய். எனக்கே பக்குன்னு ஆயிருச்சு, அண்ணன்கிட்டக் கேட்டீகளான்னேன். 'அவருகிட்ட என்னத்தக் கேக்குறது, ரெண்டு நாளு கத்துவாரு, அப்புறம் பழகிரும்'னுட்டாக."