சுமையோடு வந்தவளுக்கே வழி

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? அடுத்தவள் மானம் போன கதை என்றால் மட்டும் காது முழம் நீண்டுவிடுகிறது. சரி, கேட்டுத் தொலையுங்கள்.

நான் வலங்கைமான் பக்கத்து நாற்றங்காலில் வளர்ந்தவள். என்னைக் கொண்டுபோய் முத்துப்பேட்டைப் பக்கம், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஆற்றோரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீருக்கு ஒரே திசைதான். மதகு திறந்தால் வரும், மூடினால் நிற்கும். இங்கே காலையில் கடலுக்குப் போன தண்ணீர் சாயங்காலம் எதையோ மறந்து வைத்துவிட்டதுபோல் திரும்பி வரும். கல்யாணமான புதிதில் நான் அதையே வாய் பார்த்துக்கொண்டு நிற்பேன். (உலை பொங்கி அடுப்பு அணைந்ததெல்லாம் அதனால்தான்.)

அந்த ஆற்றில் படகுகளுக்குச் சட்டம் உண்டு. எழுதி வைத்ததில்லை; மீறினால்தான் தெரியும். தண்ணீர் போகும் போக்கில் வருகிற படகுக்கே வழி, ஏனென்றால் அதை நிறுத்த முடியாது; வளைவில் மட்டும் அது கூவிக்கொண்டு வர வேண்டும். எதிர்த்து வருகிறவர் கரையோரம் ஒதுங்கி, கோலை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டும். என் வீட்டுக்காரர் சிங்காரம் இதைப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். நான் பத்துத் தடவை தலையாட்டியிருக்கிறேன்.

அவர் ஏற்கெனவே ஒருவர் வலைமேல் படகை ஏற்றி, ஊர்ப் பஞ்சாயத்தில் கைகட்டி நின்றவர். "இன்னொரு தப்பு நடந்தா மூணு மாசத்துக்கு ஒன் படகு துறையில ஏறக் கூடாது" என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மாதம் படகு இல்லை என்றால் மூன்று மாதம் அடுப்பும் இல்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் அவருக்குக் காய்ச்சல். வீட்டில் இரண்டு மூட்டைக் கருவாடு. மேலே பாலத்தடியில் வியாபாரி காத்திருப்பார்.

"நான் கொண்டுபோறேன்" என்றேன்.

"தண்ணி ஏறட்டும், அதோட போ. இப்ப வத்துது."

"ம்" என்றேன். அவர் கண்ணை மூடியதும் கிளம்பிவிட்டேன்.

தண்ணீர் மெதுவாகத்தான் வற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. நான் ஆற்றின் நடுவில், ராணி மாதிரி, கோலை ஊன்றிப் போய்க்கொண்டிருந்தேன். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"ஒதுங்கு! ஒதுங்கு! தண்ணியோட வர்றோம்!"

படகோட்டி ராமையா மாமா. எங்கள் துறைக்காரர்தான். படகில் சரக்கு ஒன்றும் இல்லை. வெள்ளைத் துண்டு போட்ட ஒருத்தர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அங்கேதான் எனக்குள் இருந்த வலங்கைமான்காரி விழித்துக்கொண்டாள். எங்கள் ஊர் வரப்பில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால், தலையில் சுமை உள்ளவருக்குத்தான் வழி. கைவீசி வருகிறவர் வயலில் இறங்கி நிற்பார்.

"சுமையோட வர்றது நானு! வெறுமன வர்றவங்க எறங்கி நில்லுங்க!" என்று கத்தினேன்.

"எங்கடி எறங்குறது, ஆத்துலயா?"

அதற்குள் மோதிவிட்டது. இரண்டு படகும் சுழன்று சேற்றுத்திட்டில் ஏறின. வெள்ளைத் துண்டுக்காரரின் சாப்பாட்டுத் தூக்கு மட்டும் நிம்மதியாக மிதந்து கடலுக்குப் போயிற்று.

அப்போதுதான் ஆளைப் பார்த்தேன். மிராசுதார்! கோட்டையில் புது ஆட்சி வந்த புதிது. அறுப்புக் கூலிக்காக ஆட்கள் கொடி பிடித்துச் சாலையை மறித்திருந்தார்கள். அறுப்புக்கு வெளியூர் ஆட்களைக் கூட்டிவர அவர் திருட்டுத்தனமாக ஆற்றுவழியில் கிளம்பியிருக்கிறார்.

"இனிமே தண்ணி ஏறுனாத்தான் படகு நவுரும். ஒன் புருசனுக்கு மூணு மாசம் உறுதி" என்று சொல்லிவிட்டு, ராமையா மாமா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

தண்ணீர் சத்தமில்லாமல் எங்களை விட்டு நழுவிப் போயிற்று. சேறு கண்ணாடியாக மினுங்கியது. அதில் வானம் கிடந்தது, மேகம் கிடந்தது, நாங்கள் மூன்று பேரும் தலைகீழாகக் கிடந்தோம். நண்டுகள் வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போயின. மறியல், கொடி, கூலி எல்லாம் யாரோ கண்ட கனவுபோல் எங்கேயோ தள்ளி இருந்தன.

வெகுநேரம் கழித்து மிராசுதார் பேசினார்.

"எந்த ஊரும்மா நீ?"

"வலங்கைமான் பக்கங்க."

"ஓகோ, வரப்பு வழக்கமா? ஏன், வரப்புல நான் வந்தா என்ன பண்ணுவ?"

"சுமையோட எறங்கிடுவேங்க."

"அப்ப இங்க ஏன் எறங்கல?"

"இங்க எறங்குனா முழுகிடுவேனுங்களே!"

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததும் பசி தெரிந்துவிட்டது போலிருக்கிறது, நான் கொண்டுவந்திருந்த சோற்றுக் கலயத்தையே பார்த்தார்.

"தண்ணிச் சோறுங்க. சாப்புடுறீங்களா?"

"குடு. தொட்டுக்க என்ன வச்சிருக்க?"

வெங்காயம்கூட ஏறாத வீடு அவருடையது.

"சுட்ட கருவாடுங்க. ரெண்டு துண்டு."

அவர் வானத்தைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். "உப்பு மட்டும் இருக்கா?" என்றார்.

"உப்பு அதுலதாங்க இருக்கு."

அவர் மெல்ல, "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் பாரும்மா" என்றார்.

பார்த்தேன். தில்லை மரத்தில் கொக்குகள் வெள்ளைப் பூப்பூவாக உட்கார்ந்திருந்தன. எத்தனை என்று எண்ணி முடித்து, இன்னொரு தடவையும் எண்ணினேன். திரும்பியபோது கலயம் காலி. மிராசுதார் மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தி சாயத் தண்ணீர் ஏறிற்று. படகுகள் தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல் அசைந்தன. வெளியூர் ஆட்களைப் பார்க்கும் நேரம் தாண்டிவிட்டது. மிராசுதார் வந்த வழியே திரும்பிவிட்டார்.

மறுநாள் பஞ்சாயத்து. காய்ச்சலோடு என் வீட்டுக்காரர் நின்றார், பின்னால் நான். ராமையா மாமா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். எல்லாம் உண்மை. நானே எனக்குத் தண்டனை கொடுத்திருப்பேன். அப்போது மிராசுதார் வந்து நின்றார். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் அந்தப் பக்கம் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. வளைவுல கூவாம வந்தது எங்க படகுதான்" என்றார்.

அன்றைக்குத் தொண்டை கிழியக் கூவிய ராமையா மாமா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எங்கள் படகு துறையில் தங்கிற்று.

அக்கம்பக்கத்துப் பெண்கள் விடுவார்களா? தண்ணீர்க் குடத்தோடு சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏண்டி, அவ்வளவு நேரமும் மிராசுதார் பட்டினியாவா கெடந்தாரு?"

"வெறுஞ்சோறு சாப்பிட்டாரு."

"ஒன் கருவாடு?"

"அத கொக்கு தூக்கிட்டுப் போச்சு."

"ரெண்டு துண்டையுமா?"

"ஆமா. முள்ள மட்டும் எடுத்து ஓரமா வச்சிட்டு, தூக்கிட்டுப் போச்சு" என்றேன்.