பத்து நாளுக்குள் திருப்பித் தரலாம்

"நாலு பர்சென்ட்!" என்றாள் பொறுமை. வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டேப்லெட் வந்து இது மூன்றாவது சாயங்காலம். மூன்று சாயங்காலமும் அவள் கட்டிலில் கால் நீட்டி, தலையணையை முதுகுக்குக் கொடுத்து, இயர்போனை மாட்டிய பிறகுதான் அதில் சார்ஜ் இல்லை என்பது தெரிந்தது.

"மாமா, டேப்லெட்டை நீங்க எடுத்தீங்களா?"

"ரெண்டே நிமிஷம்தாம்மா" என்றார் கூடத்தில் இருந்த மாமனார். "என் பழைய சிநேகிதனும் நானும் வீடியோவுல செஸ் ஆடினோம். அவன் குதிரையை நகர்த்த யோசிச்சுக்கிட்டே இருந்தான்."

"எவ்வளவு நேரம் யோசிச்சார்?"

"நடுவுல போய்ச் சாப்பிட்டுட்டு, ஒரு தூக்கமும் போட்டுட்டு வந்து யோசிச்சான். நான் வச்ச கண் வாங்காம திரையையே பாத்துக்கிட்டு இருந்தேன். இல்லேன்னா காயை மாத்தி வச்சிடுவான், திருட்டுப் பய."

பொறுமை என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார் பிரிவில் பதினாலு வருஷமாகத் தொலைபேசியில் பேசுகிறாள். ஒரு நாளைக்கு அறுபது பேர் அவள் காதில் கத்துவார்கள். அறுபது பேரிடமும் கடைசியில் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்லியாக வேண்டும். ஆபீசில் அதையே அவளுக்குப் பேராக்கிவிட்டார்கள். வீட்டுக்காரர் ஒரு நாள் அதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அவள் ஆசைப்பட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. வேலை முடிந்து வந்ததும் நாற்பது நிமிடம். காதில் ஒரு குரல் கேட்க வேண்டும், அந்தக் குரல் அவளிடம் எதையும் குறை சொல்லக் கூடாது. ஆபீசில் எல்லாரும் ஒரு துப்பறியும் தொடரைப் பார்த்துவிட்டுப் பேசிப் பேசி மாய்ந்தார்கள். அவளும் பார்க்கத் தொடங்கினாள். மழையில் கதவு தட்டப்படுகிறது, ஒருத்தி போய்த் திறக்கிறாள், "நீங்களா!" என்கிறாள். அதற்கு மேல் அவள் ஒரு நாளும் போனதில்லை. செல்போனில் பார்த்தால் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். டிவியில் மாமனாருக்குச் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் கடைக்குப் போனாள். விற்பனையாளன் மலிவான சின்ன டேப்லெட் ஒன்றை எடுத்து வைத்தான்.

"மேடம், எதுக்கு? படிப்புக்கா, ஆபீசுக்கா, கேமுக்கா?"

"தினமும் நாற்பது நிமிஷம் படுத்துக்கிட்டுப் பார்க்க."

"அப்ப இதுவே தாராளம். பத்து நாள் வீட்டுல வச்சுப் பாருங்க. தினசரித் தேவைக்குச் சரிப்படலேன்னா திருப்பிக் குடுத்துடலாம்."

யாருடைய தினசரித் தேவை என்று அவனும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

நாலாம் நாள் அவள் ஒரு கால அட்டவணை எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினாள். மாலை ஆறரை முதல் ஏழு பத்து வரை 'நான்'. மரியாதைக்கு மாமனாருக்கு ஒரு கட்டம், படம் வரைகிற மகளுக்கு ஒரு கட்டம் போட்டாள். அங்கேதான் வினை பிடித்தது.

வீட்டுக்காரர் அதுவரை அந்த டேப்லெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர். விபத்தில் அடிபட்ட வண்டிகளுக்குச் சேதம் மதிப்பிடுவது அவர் தொழில். அட்டவணையை மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை படித்தார்.

"என் பேர் எங்க?"

"உங்களுக்கு எதுக்குங்க? உங்களுக்குத்தான் லேப்டாப் இருக்கே."

"இருக்கட்டும். அதுக்காக வீட்டு ஆளுங்கள்லயே என்னைச் சேர்க்காம விட்டுடறதா?"

ஆறு முதல் ஆறரை வரை அவருக்கு ஒரு கட்டம் முளைத்தது. அது ஏழு பத்து வரை நீண்டது. எதையும் அரைகுறையாக விடுவது அவர் வழக்கமில்லை. டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நோட்டில் குறிப்பு எழுதினார்.

"ஏழாகப் போகுதுங்க. என் நேரம்."

"உனக்காகத்தானே சோதிச்சுக்கிட்டு இருக்கேன்! ஸ்பீக்கர் மெலிசா இருக்கு, கவனிச்சியா?"

அவள் ஸ்பீக்கர் வரைக்கும் போனதே இல்லை.

ஐந்தாம் நாள் யாரிடமும் சொல்லாமல் பாஸ்வேர்ட் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். பதினோரு மணிக்கு ஹெட்செட்டில் மணி அடித்தது.

"வணக்கம். உங்கள் புகாரைச் சொல்லலாம்."

"அம்மாடி, நான்தான் பேசறேன்."

பொறுமைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா! இது கம்பெனி நம்பர்!"

"உன் செல்லை எடுக்க மாட்டேங்கறியே. இங்க பத்து நிமிஷம் பாட்டுப் போட்டாங்க. அப்புறம் மூணு பொண்ணுங்ககிட்ட பேசினேன். நல்ல பொண்ணுங்க, ஆனா ஒருத்திக்கும் பாஸ்வேர்ட் தெரியல."

முதுகுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் வந்து நின்றார். அழைப்புகள் எல்லாம் பதிவாகும். பொறுமை குரலை நிமிர்த்திக்கொண்டாள்.

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். மாலை ஆறரை மணிக்குள் சரிசெய்து தரப்படும்."

"அதுவரைக்கும் அவன் குதிரை நின்னுக்கிட்டே இருக்குமா?"

"உங்கள் பொறுமைக்கு நன்றி."

"என் பொறுமைக்கா, உன் பொறுமைக்கா?" என்று மாமனார் கேட்டுக்கொண்டிருக்கும்போதே துண்டித்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தேன். தப்புன்னு சொல்லுது. அப்பா பிறந்தநாளும் இல்ல. உங்க கல்யாண நாளும் இல்ல. நாங்கல்லாம் உனக்கு யாருமே இல்லையாம்மா?"

"அப்படியெல்லாம் இல்லடி. குடு இங்க."

டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள். பல முறை தவறாக முயன்றதால் பூட்டப்பட்டிருக்கிறது, நாற்பது நிமிடம் கழித்து முயலவும் என்று திரையில் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து அந்த எண் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த நிகழ்ச்சி அதுதான்.

ஆறாம் நாள் பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, நாலு பேருக்கும் நாலு தனிப் பகுதி பிரித்துக் கொடுத்தாள். ஒருத்தர் பக்கம் மற்றவர் போக வேண்டாம், சண்டை தீர்ந்தது என்று நினைத்தாள். தனக்குப் பிடித்த தொடரில் நாலு எபிசோடை இறக்கியும் வைத்தாள். ஏழாம் நாள் பார்த்தால் ஒன்றைக்கூடக் காணோம்.

"இடம் பத்தலேன்னு சொல்லுச்சு" என்றார் வீட்டுக்காரர். "பாப்பா படம் நூத்தி இருபது இருக்கு. அப்பாவோட செஸ் ஆட்டம் எல்லாம் வீடியோவா இருக்கு, நாளைக்கு அந்த ஆள் இல்லேன்னு சாதிச்சா காட்டணுமாம். இருந்ததுலயே பெருசா, யாரும் தொடாம கிடந்தது உன்னோடதுதான். அழிச்சுட்டேன்."

யாரும் தொடாமல் கிடந்தது என்பது உண்மைதான்.

எட்டாம் நாள் டேப்லெட்டைத் துண்டுக்குள் சுற்றிக் குளியலறைக்கு எடுத்துப் போனாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். மழை பெய்தது. கதவு தட்டப்பட்டது. ஒருத்தி திறக்கப் போனாள். மறுபடி கதவு தட்டப்பட்டது. கதையில் ஒரு முறைதானே தட்டுவார்கள் என்று யோசித்த பிறகுதான் தட்டுவது தன் வீட்டுக் கதவு என்று அவளுக்கு உறைத்தது.

"அம்மா, வயித்து வலியா?"

"இல்லடி."

"பத்து நிமிஷமா தண்ணிச் சத்தமே கேக்கலையே!" இது வீட்டுக்காரர். "மயக்கம் கியக்கம் வருதா? டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா?"

"ஒண்ணும் இல்லீங்க, விடுங்களேன்."

"குரலே ஒரு மாதிரி இருக்கே. தாழ்ப்பாளை எடு முதல்ல!"

மாமனார் வெந்நீரோடு வந்து நின்றார். மூன்று பேர் அக்கறையோடு வாசலில் நிற்கும்போது உள்ளே எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருக்க முடியும். அவர்கள் பாசத்தில் கலப்படம் இல்லை. அதுதான் அவளுக்கு ஆயாசமாக இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது படுக்கலாம்.

ஒன்பதாம் நாள் சாப்பாட்டு மேசையில் வீட்டுக்காரர் நோட்டைப் பிரித்து அறிக்கை வாசித்தார்.

"திரை சின்னது. சத்தம் குறைச்சல். இடம் பத்தாது. சார்ஜ் அரை நாள்கூட நிக்கல. ஒருத்தருக்குன்னா தாங்கும், நாலு பேருக்குத் தாங்காது. ஆக, இது நம்ம தினசரித் தேவைக்குச் சரிப்படாது."

"குதிரை எது, மந்திரி எதுன்னே எனக்குத் தெரியல" என்றார் மாமனார்.

"கோடு இழுத்தா ரெண்டு நிமிஷம் கழிச்சு வருது" என்றாள் மகள்.

"நாளைக்குத் திருப்பிக் குடுத்துடு. அப்புறமா பெருசா ஒண்ணு வாங்கிக் கூடத்துல சுவர்லயே மாட்டிடலாம். எல்லாரும் சேர்ந்து பாக்கலாம். என்ன சொல்றே?"

"சரி" என்றாள் பொறுமை. கோபப்படலாம்தான். அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் ஆபீசில் அனுமதி கேட்டு முன்னதாகவே கிளம்பினாள். பொருளைத் திருப்பிக் கொடுக்கிற பிரிவு கடையின் மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலில் இருந்த இயந்திரம் ஐம்பத்தெட்டு என்று ஒரு சீட்டைத் துப்பியது. பலகையில் முப்பத்தொன்று எரிந்தது.

கூடத்தில் முப்பது நாற்காலி போல இருக்கும். கடைசி வரிசையில் ஒன்றுதான் காலி. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லார் மடியிலும் டேப்லெட், எல்லார் காதிலும் இயர்போன். புகார் சொல்கிறவர்களை அவள் நேரில் பார்த்ததில்லை, ஆனால் பதினாலு வருஷம் குரல் கேட்டதில் முகமே தெரியும். புருவம் நெறிந்திருக்கும், கையில் ரசீது கசங்கும், பக்கத்தில் இருப்பவரிடம் தன் கதையைச் சொல்லத் துடிப்பார்கள். இங்கே ஒருவர் முகத்திலும் அந்தக் களை இல்லை. வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தையற்கடை அளவு நாடா கழுத்தில் தொங்கும் ஒரு பெண்மணி தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்திரண்டு!" என்று கவுண்டர் பெண் கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. "முப்பத்திரண்டு! முப்பத்திரண்டு!" அப்போதும் யாரும் அசையவில்லை. அவளும் அலட்டிக்கொள்ளாமல் அடுத்த எண்ணுக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டாள்.

விடிய விடிய இழுக்கும் போலிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டு பொறுமை உட்கார்ந்தாள். கொடுப்பதற்கு முன் தன்னுடையது எதுவும் அதில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கலாமென்று டேப்லெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திறந்தாள். கடையின் வைஃபை தானாகப் பிடித்துக்கொண்டது. தொடர் தானாக வந்து நின்றது. சும்மா இருக்கிற நேரம்தானே என்று இயர்போனை மாட்டினாள்.

மழை. கதவு. "நீங்களா!"

வந்தவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். தலையைத் துவட்டினான். யாரோ ஒருவன் செத்துப்போன கதையைச் சொன்னான். "ரெண்டே நிமிஷம்" என்று கேட்டு யாரும் கை நீட்டவில்லை. வயிற்று வலியா என்று யாரும் விசாரிக்கவில்லை. முதல் எபிசோட் முடிந்து இரண்டாவது தொடங்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு இடத்தில் கண் கலங்கிவிட்டது. அந்தக் காட்சியில் கலங்குவதற்கு ஒன்றுமே இல்லை, ஒருவன் கார் ஓட்டிக்கொண்டு போனான், அவ்வளவுதான். எத்தனையோ நாள் கழித்து உடம்பு முழுக்க லேசாக இருந்தது, அதற்குத்தான் அந்தக் கண்ணீர்.

நிமிர்ந்து பார்த்தபோது பலகையில் எழுபத்துநாலு எரிந்தது. அடித்துப்பிடித்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு ஓடினாள்.

"மன்னிச்சுக்கம்மா, என் நம்பர் போனதைக் கவனிக்கல. பத்து நாள் இன்னையோட முடியுது."

"பரவாயில்ல, சொல்லுங்க மேடம்" என்று கவுண்டர் பெண் ஒரு படிவத்தை எடுத்தாள். "என்ன குறை?"

பதினாலு வருஷமாகக் குறை கேட்டவளுக்கு ஒரு குறை சொல்ல வாய் வரவில்லை.

"திரையா?"

"திரை நல்லா இருக்கு."

"சத்தம்?"

"எனக்குப் போதும்."

"சார்ஜ் நிக்கலையா?"

"இப்ப ரெண்டு எபிசோட் பார்த்தேன். எழுபது பர்சென்ட் மிச்சம் இருக்கு."

"அப்ப எதுலதான் கோளாறு?"

பொறுமை பெட்டியின் மூலையைத் தடவிக்கொண்டே நின்றாள். "வீட்டுல" என்றாள் கடைசியில்.

சிரிப்பாள் என்று நினைத்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. படிவத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள்ளேயே வைத்துவிட்டு, கூடத்தைப் பார்த்து "எழுபத்தஞ்சு!" என்று குரல் கொடுத்தாள். ஒரு தலைகூட நிமிரவில்லை.

"எனக்காக அவங்களைக் காக்க வைக்காதம்மா" என்று பொறுமை ஒதுங்கி நின்றாள். "பாவம், எனக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்காங்க. திருப்பிக் குடுத்துட்டுப் போகட்டும்."

கவுண்டர் பெண் முன்னால் சாய்ந்து, குரலைத் தணித்துச் சொன்னாள்:

"இங்க யாருமே திருப்பிக் குடுக்க வர்றதில்ல மேடம், நாளைக்கு நாலரைக்குள்ள வந்துடுங்க, அப்புறம் நாற்காலி கிடைக்காது."