வெளியே குளிர்ந்த ஏர்கோன்

ரந்தாவ்,
புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் திருச்செல்வம் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய வீரமுத்து கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், கோழிகள் நலம், முப்பத்தொரு வருஷம் லோரி ஓட்டிய என் முதுகுவலியும் குறைவில்லாமல் நலம். அங்கே ரெம்பாவில் நீங்களும், எனக்குத் தங்கச்சி முறையான உங்கள் மனைவி தனலெட்சுமியும், உங்கள் வீட்டுக்கு ரெண்டு நாள் என்று சொல்லி வந்து நாற்பத்தொரு நாளாகத் தங்கியிருக்கும் என் மனைவி நீலாவதியும் எந்தக் குறையுமில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் வந்தால் நீங்கள் அதை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள் மச்சான். நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் உங்கள் வீடும் பக்கத்து வீடும் சேர்ந்து கேட்கிறது. நீலாவதியின் போனுக்கு அடித்தால் அவள் ரெண்டே கேள்விதான் கேட்கிறாள். "சாப்புட்டீங்களா?" என்பது ஒன்று, "ஏர்கோன் ஆச்சா?" என்பது இன்னொன்று. ரெண்டுக்கும் பதில் சொன்னதும் வைத்துவிடுகிறாள். ஆகவே நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து படித்துவிட்டு, அவளுக்கு எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான், அவள் வீட்டுக்கு வர வேண்டும்.

கிளம்பின அன்று அவள் சொன்னது உங்களுக்கும் தெரிந்திருக்கும். "இந்த அடுப்புக்குள்ள இனி என்னால படுக்க முடியாது. எங்கண்ணன் வீட்டுல ஏர்கோன் இருக்கு. நீங்களும் ஒன்னு மாட்டுங்க, அப்பறம் பாப்போம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நான் சும்மா இருந்தேனா? இல்லை. எங்கள் தோட்டத்து மேனேஜர் மகிந்தன் ஐயாவைப் போய்ப் பார்த்தேன். அவருக்குக் கேமரன் மலைக்கு மாற்றல் வந்து, அந்தக் குளிருக்காக அவர் வாங்கி வைத்திருந்த ஏர்கோன் ஒன்று, மாற்றல் ரத்தானதால் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. இது வெறும் ஏர்கோன் இல்லை மச்சான், வேண்டும்போது குளிரும், வேண்டும்போது சூடும் கொடுக்கிற ஜாதி. "எனக்கு இங்க எதுக்கு, நீங்க கொண்டு போங்க" என்று மனுஷன் தூக்கிக் கொடுத்துவிட்டார். நல்ல மனசு.

மாட்டிக் கொடுத்தவர் ஷங்கர் என்கிற மெக்கானிக். இந்த வட்டாரத்தில் யார் வீட்டு ஏர்கோன் இருமினாலும் இவர்தான் வைத்தியம். உள்ளே ஒரு பெட்டி, வீட்டுக்குப் பின்னால் வெளியே ஒரு பெட்டி, அதற்குள் பெரிய காத்தாடி. ரிமோட்டை அவரே அமுக்கிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் அறை குளிர்ந்து நான் போர்வை தேடினேன். அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ஆனால் அஞ்சு நாளில் ஆயுத பூசை வந்தது. புது மெஷினுக்குப் பூசை போட்டுவிட்டு நல்ல நாளில் அவளை வரச் சொல்லலாம் என்று நினைத்தேன். என் புத்தி.

அந்த அஞ்சு நாளுக்குள்ளேயே ஒரு கூத்து. உள்ளே குளிர்ந்தால் வெளிப் பெட்டி அனலாகக் காற்றை ஊதுகிறது. பக்கத்து வீட்டு வள்ளியம்மா அதைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, மோர் மிளகாய்த் தாம்பாளங்களைக் கொண்டுவந்து காத்தாடிக்கு நேர் எதிரே அடுக்கிவிட்டார். "வெயிலு வருமா வருமான்னு எத்தன நாளு வானத்தப் பாக்குறது? இது நல்லா காயுதுல்ல" என்றார். மிளகாய் நன்றாகத்தான் காய்ந்தது. அந்த நெடி நேராக எதிர்வீட்டு முனியாண்டியின் ஹாலுக்குள் போய், அவர் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் எல்லாரும் தும்மிக்கொண்டே சாப்பிட்டார்கள். தாம்பாளம் காற்றை மறித்ததில் மெஷினும் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. தாம்பாளத்தை எடுத்ததும் பழையபடி ஓடியது. வள்ளியம்மாவுக்கு மட்டும் இன்னும் என்மேல் கோபம்.

பிறகு ஆயுத பூசை. மச்சான், லோரி ஓட்டின காலத்தில் ஒரு வருஷம்கூட நான் பூசை தவறவிட்டதில்லை. லோரிக்கு முன்னால் என்ன செய்தேனோ அதையேதான் இதற்கும் செய்தேன். வெளிப் பெட்டியைக் குளிப்பாட்டினேன். முன்பக்கம் பொட்டு வைத்தேன். பின்பக்கம் பார்த்தால் மெல்லிய தகடு தகடாக, பட்டை போடுவதற்கென்றே செய்துவைத்த மாதிரி அகலமாக இருந்தது. ஒரு கிண்ணம் சந்தனத்தைக் குழைத்து மேலிருந்து கீழ்வரை அழுத்தித் தேய்த்து, அதன்மேல் விபூதியும் மூன்று பட்டை போட்டேன். பார்க்கக் கண் நிறைந்திருந்தது. செவ்வந்தி மாலை ஒன்றை முன்னால் தொங்கவிட்டு, ரிமோட்டுக்கும் ஒரு பொட்டு வைத்து, சூடம் காட்டிவிட்டு சுவிட்சைத் தட்டினேன். மாலை ஒரு சுற்றுச் சுற்றியது, அவ்வளவுதான், காத்தாடி அதை உள்ளே இழுத்து அரைத்து என் முகத்திலேயே துப்பியது. முனியாண்டி பார்த்துவிட்டு, "சாமி ஏத்துக்கிச்சு லா" என்றார். உள்ளே போய்ப் படுத்தால் குளிர் இல்லை, ஈரக் காற்றுதான் வந்தது. மறுநாள் அதுவும் நின்றது.

ஷங்கர் வந்து பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு, "அங்கிள், நீங்க லோரி டிரைவர்தானே, ரேடியேட்டர்ல சந்தனம் பூசுவீங்களா?" என்று கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தத் தகடுகள் வழியாகத்தான் காற்று போக வேண்டுமாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிரஷ்ஷும் மெதுவாக ஊற்றின தண்ணீருமாக ரெண்டு மணி நேரம் கழுவினார். தகடு வளைந்துவிடும், வேகமாகத் தண்ணீர் பீய்ச்சக் கூடாது, பெட்டிக்குப் பின்னால் ஒரு முழம் இடம் விட வேண்டும், முன்னால் எதையும் வைக்கக் கூடாது, மேலே துணி காயப்போடக் கூடாது, சுற்றி லாலாங் புல் வளரவிடக் கூடாது, மாதம் ஒரு தரம் தூசி பார்க்க வேண்டும் என்று எல்லாம் சொன்னார். நான் ஒரு காகிதத்தில் எழுதி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். இப்போது ஒரு சருகு விழுந்தாலும் ஓடிப்போய் எடுக்கிறேன்.

இனி நடந்ததுதான் முக்கியம், சிரிக்காமல் படியுங்கள். ரிமோட்டில் வைத்த குங்குமத்தை ஈரத் துணியால் அழுந்தத் துடைத்தபோது என்னென்னவோ மாறிவிட்டது. படங்களைப் பார்த்தேன். ஒன்று சூரியன். இன்னொன்று ஆறு கால் உள்ள பூச்சி. பூச்சிப் படம் கொசு விரட்டுவதற்கு என்று எனக்குப் புரிந்துபோனது. நமக்குத் தொல்லை கொசுவா, வெயிலா? வெயில்தான். சூரியனை அமுக்கினேன். நம்பர் கூடினால் வேகம் கூடும் என்று முப்பது வரைக்கும் ஏற்றினேன். அன்று மத்தியானம் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு குளிருக்காகக் காத்திருந்தேன். கால் மணி நேரத்தில் செம்பனை ஆலையில் பாய்லர் பக்கத்தில் நிற்கிற மாதிரி வேர்த்துக் கொட்டியது. சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். ஓடினால், மச்சான், வெளிப் பெட்டி ஜில்லென்று காற்றை அள்ளி வீசிக்கொண்டிருக்கிறது.

முனியாண்டி அதற்குள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "மெக்கானிக்கு உள்ள மாட்ட வேண்டியத வெளிய மாட்டிட்டான் போல. பரவால்ல, நமக்கு நல்லதுதானே" என்றார். வள்ளியம்மா கோபத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிவைத்துவிட்டு ஒரு தட்டு வாழைக்காய்ப் பஜ்ஜியோடு வந்தார். அவர் பின்னால் எங்கள் வீட்டு வரிசை முழுக்க வந்தது. ஒருவர் பாய் கொண்டுவந்தார், ஒருவர் கேரம் போர்டு கொண்டுவந்தார், யாரோ தேத்தண்ணி கலந்தார்கள். மூன்று நாள், மழை ஓய்ந்த சாயங்காலமெல்லாம் என் வீட்டுப் பின்கட்டில் திருவிழாதான். முப்பது வருஷமாக முகம் பார்த்துப் பேசாத ரெண்டு பேர் ஒரே காற்றில் உட்கார்ந்து சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரும் ஜோடி ஜோடியாக வந்து உட்கார்ந்தபோது நான் மட்டும் ரெண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு ஒன்றில் துண்டை வைத்துக்கொண்டிருந்தேன். வள்ளியம்மா பார்த்துவிட்டு, "அந்தத் துண்டுக்குக் காத்து நல்லா வருதா தம்பி?" என்று கேட்டார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஷங்கரை மறுபடியும் கூப்பிட்டேன். ரிமோட்டைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அது பூச்சி இல்லையாம், பனியாம். நாம் எங்கே மச்சான் பனியைப் பார்த்தோம்? "இது சூட்டத் தூக்கிட்டுப் போற லோரி அங்கிள். பனிய அமுக்கினா ரூம்புக்குள்ள இருக்குற சூட்ட ஏத்தி வெளிய கொட்டும். சூரியன அமுக்கினா வெளிய உள்ள சூட்ட ஏத்தி உங்க ரூம்புல கொட்டும். நம்ம ஊரு வெக்கைக்கு இது அப்படி ஓடவே ஓடாது, மழை பேஞ்சதால ஓடியிருக்கு" என்றார். ஒரே தடவையில் புரிந்தது. லோடு எந்தப் பக்கம் ஏற்றுவது என்று எனக்கா தெரியாது? பனியை அமுக்கி இருபத்தஞ்சில் வைத்தோம். அறை குளிர்ந்தது. பின்கட்டில் இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு என்னைத் துரோகி மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆகவே மச்சான், மெஷின் இப்போது நூற்றுக்கு நூறு. மெத்தை உறை துவைத்தாயிற்று, அவள் தலைமாட்டில் காற்று நேராக அடிக்காமல் திருப்பியும் வைத்தாயிற்று. உங்கள் வீட்டுக் குளிருக்கு இது ஒரு பிடிகூடக் குறையாது. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நீலாவதியை ஏற்றி அனுப்பிவையுங்கள். உங்கள் சொல்லை அவள் தட்ட மாட்டாள். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் என்றும் நெல்லும் சொல்லும் குறையாமல், நீங்கள் இருவரும் நூறு தீபாவளி ஒன்றாகக் கொண்டாட வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
வீரமுத்து

பின்குறிப்பு: நீங்கள் யாரையும் பஸ் ஏற்ற வேண்டாம். உறையில் உங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட்டுப் போக ஷங்கர் வந்தார். விலாசத்தைப் படித்துவிட்டு, "இந்த வீட்டுக்குத்தான் அங்கிள் இப்ப போறேன். மூனு வாரமா அவங்க ஏர்கோன் செத்துக் கிடக்கு, சாமான் நேத்துதான் வந்துச்சு" என்கிறார். என்ன மச்சான் இது, ஒரு வார்த்தை சொன்னீர்களா? நான் கேட்கக் கேட்க அவர் மெதுவாகச் சொன்னார். போன வாரம் அங்கே ஒரு அக்கா பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இவ்வளவு வெக்கையில் எதற்கு இருக்கிறீர்கள், வீட்டுக்குப் போகலாமே என்று கேட்டதற்கு, "கல்யாணமாகி முப்பத்தாறு வருசத்துல எத்தனையோ தடவ அண்ணன் வீட்டுக்கு வந்துட்டேன் தம்பி. ஒரு தடவையாச்சும் அந்த மனுசன் வந்து வாசல்ல நின்னு வா போலாம்னு கூப்பிடுறாரான்னு பாக்குறேன். ஏர்கோனு யாருக்கு வேணும்" என்றாராம். நான் மெஷினைத்தான் சரி பார்த்துக்கொண்டிருந்தேன் மச்சான். சட்டை மாற்றிவிட்டேன். ஷங்கர் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் ரோட்டைக் கோபித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை என் கையாலேயே உங்களிடம் தருவேன். அதை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் அவளை வாசலுக்குக் கூப்பிடுங்கள்.