உப்பைப் போட்டது யார்?

மாண்ட்ரியல் முழுக்கத் தேடினாலும், கட்டடத்தில் எது பழுதானாலும் மெக்கானிக்கைக் கூப்பிடாமல் பேயைக் கைதுசெய்யப் புறப்படுகிற கொன்சியேர்ஜ் ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த ஒருவர் எங்கள் கட்டடத்துக்குத்தான் வாய்க்க வேண்டுமா?

சென்ட் லோரன்ட் பகுதியில் நாங்கள் குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி பிலிப்பைன்ஸ்காரர். அந்த அம்மா தன் ஊர்ப் பேய்க் கதைகளைச் சொல்ல, இவர் அந்தப் பேய்களை எங்கள் கட்டடத்தில் குடியேற்றி, துப்பறியும் காமிக்ஸாக வரைந்து, நகலெடுத்துச் சலவை அறையில் வைத்துவிடுவார். துப்பறிபவர் நர்ஸ் உடை போட்ட ஒரு பெண். அப்படியே மனைவியின் ஜாடை. வசனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். துணி உலரும் வரை படிக்க வேறு ஒன்றும் கிடையாது என்பதால் எல்லோரும் படித்தார்கள். தமிழர்களுக்கு அவர் 'பேய் அண்ணை'.

ஒருமுறை லிஃப்டில் மூன்றை அழுத்தினால் நான்கில் போய் நின்றது. ஒரு போன் செய்தால் ஆள் வந்து சரிசெய்வான். இவர் என்ன செய்தார்? வழிப்போக்கர்களைத் திசைதப்ப வைக்கும் குதிரைத்தலைப் பேய் லிஃப்டில் குடிவந்துவிட்டது என்று கதை வரைந்தார். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டால் அது வழிவிடுமாம். எங்கள் பக்கத்து வீட்டுப் போர்ச்சுகீசியத் தாத்தா ஒரு வாரம் கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறி இறங்கினார். அவருக்கு மட்டும் லிஃப்ட் சரியாக நின்றது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதையெல்லாம் சிரித்து மறந்திருப்பேன், என்னை வரையாமல் இருந்திருந்தால்.

மகளுக்கு ஒரு வயதானதும் நான் மருந்துக் கம்பெனி ஆய்வகத்துக்கு வேலைக்குத் திரும்பினேன். காலையில் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், அவளை விடும்போது கண்ணாடிக் கதவில் இரண்டு கையையும் வைத்து அழுவாள். நான் செய்வது சரியா, இன்னும் ஆறு மாதம் பொறுத்திருக்கலாமோ என்று பஸ் முழுக்க யோசிப்பேன். அந்த நேரம் பார்த்துத்தான் புதுக் கதை வந்தது.

மனனாங்கல் என்று ஒரு பெண் பேய். இடுப்போடு இரண்டாகப் பிரிந்து, கால்களை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, மேல்பாதி மட்டும் இறக்கை விரித்துப் பறக்கும். திரும்புவதற்குள் யாராவது அந்தக் கால்களில் உப்பைப் போட்டுவிட்டால் மறுபடி ஒட்ட முடியாது. கதையில் அது எங்கள் மூன்றாம் மாடியில் இருந்தது. சமையலறையில் கால்களை விட்டுவிட்டு வேலைக்குப் பறந்தது. தலையில் என் கோடுபோட்ட கம்பளித் தொப்பி. என் மூக்கைவிட இரண்டு மடங்கு மூக்கு.

தாளைச் சுருட்டிக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன்.

"அண்ணே, இது நான்தானே?"

"சீச்சீ, இது மனனாங்கல், பிள்ளை."

"என் தொப்பியைப் போட்டிருக்கு!"

"ஓம், அதுக்கும் குளிரும்தானே."

"பேய்னா ராத்திரிதானே பறக்கும்? இது காலைல ஏழரை பஸ்ஸுக்குப் பறக்குது!"

"இஞ்சை எல்லாருக்கும் ஷிஃப்ட் தானே, தங்கச்சி."

"குழந்தையைத் தின்கிற பேய் அண்ணே அது! நான் ஒரு தாய்!"

"மனிசியும் கேட்டவ, இது ஏன் ஒருத்தரையும் தின்னேல்லை எண்டு. இதுக்கு எங்க நேரம் எண்டு சொன்னன்."

கட்டடம் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. எல்லோர் கண்ணும் பட்டுவிட்டது என்று, வேதியியலில் பட்டம் வாங்கிய நான், அந்தச் சனிக்கிழமை மகளுக்கு உப்புச் சுற்றினேன். வெளியே பனியில் கொட்டிவிடலாம் என்று காகிதத்தில் மடித்துக்கொண்டு கிளம்பினால், வாசலிலேயே காகிதம் கிழிந்து உப்பு சிதறிவிட்டது. துடைப்பம் எடுக்க உள்ளே போய்த் திரும்பினேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.

"தங்கச்சி! ஆர் உங்கட வாசல்ல உப்புக் கொட்டினது?"

"பனி உருகப் படிக்கட்டுக்குப் போடுற உப்பா இருக்கும்."

"படிக்கட்டு உப்பு நீலமெல்லோ. இது சமையல் உப்பு." "என்ர கதையைப் பாத்து ஆரோ செய்திருக்கினம்" என்று முகம் வெளிறினார்.

சொல்லியிருக்க வேண்டும். படித்தவள் என்ற வெட்கம் விடவில்லை. அடுத்த கதையின் தலைப்பு: 'உப்பைப் போட்டது யார்?' நர்ஸ் துப்பறிவாளர் மாடி மாடியாக விசாரித்தார். சந்தேகம் போர்ச்சுகீசியத் தாத்தா மேல் விழுந்தது. சலவை அறையில் ஜனங்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு மாலை கடும் பனிப்புயல். கணவர் டொராண்டோவில். என் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. கார்டெரி ஆறு மணிக்கு மூடும். அங்கே யாரும் போனை எடுக்கவில்லை. கையிலிருந்த இன்னொரு எண் பேய் அண்ணையுடையதுதான். கூப்பிட்டு, மகளை அழைத்துவரச் சொன்னேன். கால் மணி நேரத்தில் அவரே திரும்ப அழைத்தார்.

"பிள்ளையை என்னட்டைத் தரமாட்டினமாம். கூட்டிக்கொண்டு போற ஆக்கள்ர லிஸ்டில என்ர பேர் இல்லையாம்."

மகளைச் சேர்த்தபோது அந்தப் படிவத்தில் 'யாருமில்லை' என்று எழுதியவளே நான்தான். "இப்ப என்ன பண்றது அண்ணே?"

"நீங்கள் ஆறுதலா வாங்கோ. நான் இருக்கிறன்."

"எங்கே?"

"கதிரையில. சின்னக் கதிரை."

ஏழு மணிக்கு நடந்தே போய்ச் சேர்ந்தேன். இரண்டு வயதுக் குழந்தைகளின் நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க, அவர் உட்கார்ந்திருந்தார். கோட்டைத் திருப்பிப் போட்டிருந்தார். மகள் அவர் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியே? அம்மா வந்திட்டா" என்றார் அவளிடம்.

அடுத்த வாரம் கடைசிப் பாகம் வந்தது. தாத்தாவுக்கு விடுதலை. "உப்பைப் போட்டது வேற ஆருமில்லை, அவவேதான்" என்கிறார் துப்பறிவாளர். பிறகு அந்தக் கால்களிலிருந்து உப்பைத் தட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கிறார். படத்தின் கீழே ஒரே சொல்: 'வருவா.'

எப்படிக் கண்டுபிடித்தார் என்று நான் கேட்கவில்லை. கோபம் மட்டும் தீரவில்லை. படத்தில் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பறந்து வருகிற அந்த உருவத்துக்கு அப்போதும் அதே மூக்கு.

மறுநாள் கார்டெரியில் படிவத்தைத் திரும்ப வாங்கி, 'யாருமில்லை' என்பதை அடித்தேன். எழுதப் பேனாவை வைத்த பிறகுதான் அவர் பெயரே எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. அங்கிருந்தே போன் செய்து, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதினேன்.