மூச்சு மாதாவின் இறகு

எங்கள் வெர்நே ஊரில் உயிரோடு இருப்பவனுக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்க ஒரு வைத்தியர் கிடையாது. மலை இறங்கி, ஆற்றைத் தாண்டி, அவர் வீட்டு வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். ஆனால் செத்துப்போனவனுக்கு எங்கள் ஊரைப் போல வசதி சவோய் நாட்டில் வேறெங்கும் இல்லை. அதிலும் செத்தே பிறந்த குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். மலை உச்சியில் மூச்சு மாதா கோயில் இருக்கிறது. கொண்டுபோய்க் கிடத்தினால் உயிர் வரும்.

வந்த உயிர் நிற்காது. அதை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஒரே ஒரு மூச்சு போதும். அந்த மூச்சுக்குள் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டால், குழந்தை மறுபடி செத்து நேராகச் சொர்க்கத்துக்குப் போய்விடும். உடம்பைக் கல்லறைத் தோட்டத்தில் சிலுவை நட்டுப் புதைக்கலாம். மூச்சு வராவிட்டால் ஞானஸ்நானம் இல்லை. ஞானஸ்நானம் இல்லாவிட்டால் சொர்க்கம் இல்லை. ஒரு வாய்ப் பால்கூடக் குடிக்காத சிசுவுக்கு, வெளிச்சம் எட்டாத ஓர் இருட்டறைதான் காலகாலத்துக்கும். உடம்புக்கு வேலிக்கு வெளியே, செத்த நாயைப் போடும் பள்ளம். இந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் பெரிய படிப்பாளிகள். அவர்களில் ஒருவரும் பிள்ளை பெற்றதில்லை.

ஆகவே கூட்டம் வந்தது. பனியிலும் வந்தது, சேற்றிலும் வந்தது. கூடையிலும் முந்தானையிலும் சுருட்டிக்கொண்டு, பேச்சில்லாமல் மலை ஏறினார்கள். அடிவாரத்தில் சத்திரம் வைத்திருப்பவன் நான். ஏறும்போது யாரும் என்னிடம் சாப்பிடமாட்டார்கள். இறங்கும்போது, மூச்சு வந்திருந்தால், கருப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கேட்பார்கள். புளித்த திராட்சை மதுவைக்கூட நன்றாயிருக்கிறது என்பார்கள்.

கோயிலுக்கு அதிபதி ஓனோரா சாமியார். பூசை வைக்கப் பட்டம் வாங்கியவர் அல்ல. தாடி வளர்த்து, இடுப்பில் கயிறு கட்டி, பழைய ஆட்டிடையன் குடிசையில் வந்து உட்கார்ந்தவர். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. அவருக்குத் தினமும் அவசரம்.

குழந்தையைத் துணிச் சுருளோடு பீடத்துக் கல்லில் கிடத்துவார். முகத்தை மெல்லிய வெள்ளைத் துணியால் மூடுவார். மாதாவின் பார்வை தாங்காதாம். வாய் இருக்கும் இடத்தில் ஒரு வாத்து இறகை வைப்பார். சுற்றிலும் மெழுகுவர்த்தி. அதை அவரிடம்தான் வாங்க வேண்டும். வெளி மெழுகு மாதாவுக்கு ஒத்துக்கொள்ளாது. ஜபம் நடக்கும். இறகு நடுங்கும். சில நாள் எழுந்து பறக்கும். உடனே சாட்சிக்காரி மார்கோத், "கன்னம் செவந்துச்சு, இந்தக் கண்ணால பாத்தேன்" என்று சத்தியம் செய்வாள். முகத்தில்தான் துணி இருந்ததே என்று யாரும் கேட்டதில்லை.

ஒன்றை மட்டும் நான் கவனித்திருந்தேன். துணி வியாபாரி வீட்டுக் குழந்தைக்கு இறகு கூரை வரை பறந்தது. விறகுவெட்டி வீட்டுக் குழந்தைக்கு அசையவே இல்லை. மூச்சிலும் வசதிக்காரர்களுக்குத்தான் முதல் வரிசை என்று நினைத்துக்கொண்டு மது ஊற்றப் போய்விட்டேன்.

மாதா பிறந்தநாள் திருவிழாவுக்கு முந்தைய நாள், செத்தே பிறந்த தன் இரண்டாவது மகனோடு பெர்நெத் வந்தாள். பிரசவித்த உடம்பு, நிற்கவே தள்ளாடினாள். பொதி சுமக்கும் வேலைக்குப் போன புருஷன் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தான். கூடவே அவள் அக்கா கியெமெத். மாவு ஆலை முதலாளியின் விதவை. கையில் காசு உண்டு, வாயில் அதைவிட அதிகம் உண்டு. அக்காவிடம் காசு வாங்க பெர்நெத் ஒப்புக்கொள்ளவில்லை. என் பிள்ளைக்கு என் காசு என்றாள். அந்தக் காசுக்கு இரண்டே இரண்டு மெழுகுவர்த்தி கிடைத்தது.

இறகு அசையவில்லை. ஓனோரா சாமியார் கண்ணை மூடி, தலையை ஆட்டினாராம்.

"மாதா குடுக்கத் தயாராத்தாம்மா இருக்கா. நடுவுல ஏதோ தடுக்குது. வெளிய சொல்லாத பாவம் எதுவும் இருக்கா உங்கிட்ட? நல்லா யோசி. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள தீரலன்னா, பள்ளந்தான். நான் என்ன பண்ண?"

இறங்கி வந்தார்கள். பாலாடைக்கட்டி வைக்கும் குளிர்ந்த நிலவறையை அந்தக் குழந்தைக்குக் கொடுத்தேன். பெர்நெத் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து பாவம் தேட ஆரம்பித்தாள். திறந்திருந்த நிலவறைக் கதவு வழியாக எனக்கும் கேட்டது.

"வெள்ளிக்கிழமன்னு மறந்து கறிச்சாறு ஒரு வாய் குடிச்சேங்க்கா. அதுவா இருக்குமா?"

"இருக்காது."

"மாமியார ஒரு தடவ மனசுக்குள்ள திட்டினேன்."

"ஒரு தடவதானா?" என்றாள் கியெமெத்.

பெர்நெத் சிரிக்கவில்லை. "மொதப் பிள்ளையும் செத்துத்தான் பொறந்தான், அவனுக்கு எறகு பறந்துச்சே. அப்போ நான் நல்லவளா இருந்திருக்கேன். இப்போ என்னாலதான இவன் இருட்டுல கெடக்கப் போறான்?"

"அப்போ உங்கிட்ட ரெண்டு கோவேறு கழுத இருந்துச்சுடி. அத வித்து மெழுகுவத்தி வாங்கின."

சொல்லிவிட்டு கியெமெத் சட்டென்று நிறுத்தினாள். தன் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் தானே ஒரு தடவை திரும்பக் கேட்டவள் போல நின்றாள். பிறகு மேலே ஏறி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, பொக போட்ட பன்னித் தொட ஒண்ணு குடுங்க."

"பெருசா, சின்னதா?"

"கைக்கொழந்த கனம்."

புகைக்கூண்டிலிருந்து இறக்கிய ஒவ்வொன்றையும் இரண்டு கையிலும் ஏந்தி, லேசாக ஆட்டிப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டாள். திருவிழாச் சமையலுக்கு என்று நினைத்தேன். ஆட்டிப் பார்த்து யார் கறி வாங்குவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் மூளை அப்படி.

மறுநாள் காலை, "நீ பிள்ளையோட இங்கயே இரு. நான் மேல போய் மெழுகுவத்தி ஏத்திட்டு வரேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். நான் மதுப் பீப்பாயைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனேன். கோயிலில் நுழைந்தபோது அவள் கையில் துணிச் சுருள் இருந்தது. நிலவறையிலிருந்து குழந்தையை எடுத்து வந்துவிட்டாள் போல என்று எண்ணினேன்.

கோயிலில் நிற்க இடமில்லை. கீழூர்ப் பங்குச் சாமியாரும் விருந்தாளியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓனோரா சாமியார் கியெமெத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சியோட பாவம் தீந்துச்சா?"

"விடிய விடிய அழுது தீத்துட்டா சாமி. எத்தன மெழுகுவத்தி இருக்கோ அத்தனையும் குடுங்க."

பாவம் தீர்ந்ததற்கு அதைவிட நல்ல அடையாளம் அவருக்குத் தேவைப்படவில்லை. வரிசை வரிசையாக ஏற்றினார்கள். துணி மூடி, இறகு வைத்து, ஜபம் தொடங்கியது. சாம்பிராணிப் புகைக்கு நடுவே எனக்குப் பழக்கமான ஒரு வாசனை வந்தது. பசி என்று நினைத்து அடக்கிக்கொண்டேன்.

இறகு நடுங்கியது. புரண்டது. பிறகு துள்ளி எழுந்து, மாதாவின் மூக்கு வரை போய்த் திரும்பியது.

"மூச்சு!" என்றாள் மார்கோத். கூட்டம் முழங்காலில் விழுந்தது. ஓனோரா சாமியார் தண்ணீரை ஊற்றினார். "அமெதே, நீ உயிரோடு இருந்தால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." மணி அடித்தது. தோட்டத்தில் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். திருவிழா நாளில் எதற்கும் தாமதம் கிடையாது.

"கால ஒதச்சான், நான் பாத்தேன்" என்றாள் மார்கோத்.

"யாரு சாடை?" என்று கேட்டாள் கியெமெத்.

"அப்படியே உன் தங்கச்சி சாடை. அந்தக் கண்ணு ஒண்ணு போதும்."

குழி வெட்டி முடிகிற நேரத்தில் வாசலில் கூட்டம் விலகியது. மணிச் சத்தம் கேட்டு பெர்நெத் ஏறி வந்திருந்தாள். வழியெல்லாம் இறங்கிப் போனவர்கள் அவள் கையைப் பிடித்து, உன் பிள்ளைக்கு உயிர் வந்துவிட்டது என்று வாழ்த்தியிருக்கிறார்கள். அவளும் தலையை ஆட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். மூச்சு வாங்க, பீடத்துக்கு முன்னால் நின்றாள்.

"யாரு பிள்ளைக்கு சாமி மூச்சு வந்துச்சு?"

"பெர்நெத் மகன் அமெதேக்கு."

"பெர்நெத் நான்தான்" என்றாள். "எம் மகன் என் கையில இருக்கான்."

இருந்தான். அவள் போர்வையை விலக்கினாள். சின்ன முகம், மெழுகு நிறம், மூடிய கண்.  

கியெமெத் பீடத்துச் சுருளைப் பிரித்தாள். என் புகைக்கூண்டுத் தொடை, நல்ல கொழுப்பு வரியோடு, தலையில் தீர்த்தம் சொட்ட வெளியே வந்தது.

முதலில் வாய் திறந்தவர் ஓனோரா சாமியார். "நான் 'உயிரோடு இருந்தால்' என்றுதான சொன்னேன்?" என்று பங்குச் சாமியாரைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஒருவன், "பன்னித் தொடைக்கே மூச்சு குடுத்தாள்னா மாதா எவ்வளவு பெரியவ" என்று மறுபடி முழங்காலில் விழப் போனான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவளும் விழுந்தாள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எங்கள் ஊர்க்காரர்கள்.

"எந்திரிங்க" என்றாள் கியெமெத். "இன்னும் இருக்கு."

இறகை மறுபடி தொடையின் மேல் வைத்தாள். ஆடியது. மெழுகுவர்த்திகளை வரிசை வரிசையாக ஊதி அணைத்தாள். ஆட்டம் குறைந்தது. கடைசி வரிசையும் போன பிறகு லேசாக மட்டும் நடுங்கியது. அவள் குனிந்து, பீடத்துக்குக் கீழே தொங்கிய பட்டுத் திரையை இழுத்தாள். உள்ளே இரும்புச் சட்டி நிறையத் தணல். அதைக் காலால் வெளியே தள்ளினாள். இறகு படுத்துக்கொண்டது. பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு, இரண்டு மெழுகுவர்த்தியை அவர் கையாலேயே பக்கத்தில் வைக்கச் சொன்னாள். அசையவில்லை. எல்லாவற்றையும் ஏற்றித் தணலையும் உள்ளே தள்ளினாள். தொடை ஆனந்தமாக மூச்சு விட்டது.

"சூடான காத்து மேல போகுது, எறகும் கூடப் போகுது. நேத்து ரெண்டு மெழுகுவத்திக்கு சாமி தணலும் வெக்கல. அவ்வளவுதான். நம்ம வீட்டு அடுப்பு மேலயும் இதேதான் நடக்குது, அங்க யாரும் மண்டி போடறதில்ல" என்றாள். பிறகு ஓனோரா சாமியாரிடம் திரும்பினாள். "எந் தங்கச்சி ஒரு வாய் கறிச்சாறு குடிச்சது பாவம், அதனால அவ பிள்ளைக்கு மூச்சு வரல. சரி. இந்தப் பன்னியோட ஆத்தா என்ன சாமி புண்ணியம் பண்ணுச்சு?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பெர்நெத் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ எம் பாவம்?"

"அப்படி ஒண்ணு இல்லடி. பன்னிக்கு எவ்வளவோ அவ்வளவுதான் உனக்கும்."

"அப்போ மொதப் பிள்ள?" என்றாள் பெர்நெத், மெதுவாக. "அவனுக்கும் மூச்சு வரலயா?"

இந்தக் கேள்வி வரும் என்று கியெமெத்துக்கு முந்தைய நாளே தெரிந்திருந்தது. நிலவறையில் அவள் பேச்சை நிறுத்தியது அதனால்தான் என்பது எனக்கு அப்போது புரிந்தது. அவள் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வரலம்மா. ஆனா பெத்தவளா நீ அவன் பக்கத்துல காத்துக் கெடந்தது நெசம். அவன் எங்க படுத்திருக்கானோ அங்கயே படுத்திருப்பான். அவனத் தோண்டி எழுப்ப எவனுக்கும் உரிம இல்ல."

பெர்நெத் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். முந்தைய நாள் அழுததுபோல இல்லை. அப்போது தன்னை அடித்துக்கொண்டு அழுதாள். இப்போது பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதாள்.

பங்குச் சாமியார் தொண்டையைக் கனைத்தார். "மோசடி மோசடிதான். கோயிலைப் பூட்டிடலாம். ஆனா ஞானஸ்நானம் பெறாத சிசுவை உள்ளே பொதைக்கச் சட்டத்துல எடமில்லம்மா."

"சட்டப்படியே போவோம் சாமி. பெர்நெத் மகன் அமெதேக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சு, நீங்க நாற்காலியில ஒக்காந்து பாத்தீங்க. மணி அடிச்சாச்சு, குழி வெட்டியாச்சு. இப்போ அந்தக் குழியில யாரப் பொதைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க. இவனையா, தொடையையா?"

 பங்குச் சாமியார் போய், கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான், கேட்க ஒருத்தி வேண்டியிருந்தது. அண்ணன் பக்கத்தில் தம்பியைப் படுக்க வைத்தோம். பெர்நெத் தன் கையாலேயே மண் போட்டாள்.

அந்தக் கலவரத்தில் ஓனோரா சாமியார் மிச்ச மெழுகோடு கிளம்பிவிட்டார். இரண்டு பள்ளத்தாக்கு தாண்டி, தாடியைச் சிவப்பாக்கிக்கொண்டு, வேறொரு மாதாவோடு உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. அங்கே இறகு கிடையாது, கண்ணாடியில் ஆவி படிய வேண்டுமாம். போகிற கூட்டம் இங்கே வந்ததைவிடப் பெரிது. மார்கோத் அங்கேயும் சாட்சி.

தொடையை நான் எடுத்து வந்தேன். ஞானஸ்நானம் பெற்றதைத் தின்னலாமா கூடாதா என்று சத்திரத்தில் பெரிய வாதம் நடந்தது. வாதம் முடிவதற்குள் என் நாய் முடித்துவிட்டது. போன வாரம் தூரத்து ஊரிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல உடை, படித்த முகம்.

"மூச்சு விட்ட தொட இங்க இருக்காமே. ஒரு துண்டு குடுங்க, மருமகளுக்குக் கரு தங்கல."

"அத நாய் தின்னுடுச்சுங்க."

அவர் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"அந்த நாய் இருக்கா?"

செத்த குழந்தைகளின் உதட்டில் இறகு வைத்துப் பார்த்தது போதும், மக்களே. அவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும். உயிரோடு இருக்கிற நம் மண்டைக்குள் ஏதாவது அசைகிறதா என்று ஒரு தடவை பார்ப்போம். அதற்கு மெழுகுவர்த்தி வேண்டாம்.