வீட்டோ அண்ணை மலையேறியபோது

ரோமானியக் குடியரசு செத்து இரண்டாயிரம் வருடமாகிறது என்பவர்கள் வீட்டோ அண்ணையைப் பார்த்ததில்லை. அதன் கடைசிக் குடிமகனான அவர், மான்ட்ரியாலில் ஓர் உணவகத்தின் கீழ்த்தளத்தில், என் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

நான் சென்னையிலிருந்து படிக்கப் போனவன். மாலை நேரத்தில் அங்கே வேலை. அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் குடும்பம். ரோமைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் படித்ததிலிருந்து உலகமே அவருக்கு இரண்டு பிரிவு. மேலே கறுப்பு உடையில் பரிமாறுகிறவர்கள் பிரபுக்கள். கீழே நாங்கள் சாமானியர்.

“தம்பி, ரோமில சாமானியருக்கெண்டு திரிபூன் எண்டு ஒரு ஆள் இருந்தவர். பிரபுக்கள் என்ன செய்தாலும் ‘வீட்டோ’ எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். எல்லாம் நிண்டிடும்.”

“உங்களை யாருண்ணே திரிபூன் ஆக்குனாங்க?”

“ஒருத்தரும் முன்னுக்கு வரேல்லை. அதால நான் வந்தன்.”

முதலாளி பிரான்ஸ்காரர். அவர்கள் பேச்சில் மிருக வைத்தியரையும் ‘வீட்டோ’ என்பார்கள். அண்ணை சட்டியும் கையுமாக முழங்கியதைக் கேட்டு, மறுநாள் தன் பூனையைக் கூடையில் கொண்டுவந்து நீட்டினார். அண்ணை அசரவில்லை. வாயைத் திறந்து பார்த்து, சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார். பூனை தேறிவிட்டது.

ஆனால் அந்த உணவகத்தின் சட்டம் முழுக்க முதலாளியின் வாய்க்குள் இருந்தது. திங்களன்று சரியாக இருந்தது வியாழனன்று குற்றமாகும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, காய்கறி வெட்டும் சாந்தி அக்காவுக்குக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் வந்தது. மகனுக்குக் காய்ச்சல். அக்கா பேசியது அரை நிமிடம். “சமையலறையில் போன் பேசக் கூடாது” என்று அந்த நொடியில் பிறந்த சட்டத்தின்படி வேலை போனது. அழுதுகொண்டே பிள்ளையைத் தூக்க ஓடினார்.

“வீட்டோ!” என்றார் அண்ணை. முதலாளி இம்முறை பூனையைக் கொண்டுவரவில்லை, வாசலைக் காட்டினார்.

அண்ணை எங்களிடம் திரும்பினார். “ரோமில சாமானியர் சண்டை பிடிக்கேல்லை. ஊரை விட்டுட்டு மலையில போய் இருந்திட்டினம். பிரபுக்கள் தேடி வந்தவை. இஞ்சயும் ஊருக்கு நடுவில மலை இருக்குத்தானே? வாங்கோ!”

ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு, மலைக்குப் போகிறோம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

“அண்ணே, ரோம்ல இந்தப் பனி கிடையாதுண்ணே!”

“ரோமில பஸ்ஸும் இல்லை. ஏறும்!”

மலையுச்சியில் உறைந்துபோய் நின்றோம். கீழே கறுப்பு உடைக்காரர்கள் எச்சில் தட்டைத் தொட மாட்டோம் என்றுவிட்டார்களாம். ஒன்றரை மணி நேரத்தில் முதலாளியின் கார் வந்தது. இறங்கியவரின் சட்டை வயிறுவரை நனைந்திருந்தது, பாத்திரம் கழுவிய நுரையோடு.

அண்ணை பிரெஞ்சில் இரண்டே கோரிக்கை வைத்தார். சாந்தி அக்கா திரும்ப வர வேண்டும். சட்டங்களை எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். ரோமில் பன்னிரண்டு பலகையில் எழுதி வைத்தார்கள் என்றும் சொன்னார்.

“பன்னிரண்டா?” என்று அலறினார் முதலாளி.

“உங்களுக்கு ஒன்று போதும்.”

ஒத்துக்கொண்டார். அந்தப் பலகையின் முதல் வரி: விசாரிக்காமல் யாரையும் நீக்கக் கூடாது.

இறங்கும் பஸ்ஸில் அண்ணை கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“குளிராண்ணே?”

“பயம், தம்பி. எனக்கும் ரெண்டு பிள்ளையள்.”

“அவரு வராம இருந்திருந்தா?”

“புத்தகத்தில பிரபுக்கள் வந்தவைதானே!” என்றார், குழந்தைபோல.

அப்போதுதான் கவனித்தேன், என் ஜாக்கெட்டை உணவகத்திலேயே விட்டு வந்திருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ மேலதிகாரிகளிடம் வேலை பார்த்துவிட்டேன். அவர்களில் யார் கூப்பிட்டும், அண்ணைக்குப் பின்னால் ஓடியதுபோல், ஜாக்கெட்டை மறந்து ஓடியதில்லை.